வட்டக்கோட்டையில் மைக்கை அணைக்காத நாள்

போன மாதம் வடசேரியில் ஒரு கல்யாண வீட்டில், வீடியோவுக்கு ஒலிப்பதிவு செய்ய வந்திருந்த இரண்டு இளைஞர்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். பந்தியில் எனக்கு இருபுறமும் வந்து உட்கார்ந்தார்கள்.

"அண்ணாச்சி, வட்டக்கோட்டையில ஷூட்டிங் நடக்கும்போது ஒரு சைக்கோ கத்தியோட வந்து ஹீரோயின குத்தப் போனானாமே? நீங்கதான் சவுண்டாமே?"

கத்தி இல்லை, குத்தப் போகவும் இல்லை, அவன் சைக்கோவும் இல்லை என்றேன்.

"அப்போ ஒண்ணும் நடக்கலியா?" என்றான் ஒருவன். அவன் முகத்தில் உண்மையான ஏமாற்றம். இலையில் பிரதமன் பாயசம் விழுந்துகொண்டிருந்ததால் அத்துடன் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது, இப்படியே விட்டால் அடுத்த கல்யாணத்தில் அந்த 'சைக்கோ' கையில் துப்பாக்கியும் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பூதப்பாண்டிக்குப் பக்கம். அப்பாவுக்கு வயலும் கோயில் காரியங்களும் போதும். மகன் வங்கியில் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. நான் சென்னைக்குப் போய் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒயர் சுற்றினேன். பணிக்கர் சாரிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். நாடா போய் டிஜிட்டல் வந்தது, சினிமா போய் சீரியல் வந்தது. பணிக்கர் சார் அதிகம் பேசமாட்டார். ஒலி நன்றாக இருந்தால் சுண்டுவிரலை லேசாகத் தூக்குவார். அவ்வளவுதான் பாராட்டு. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பானவர். நடிப்பவர்களின் உடைக்குள் சின்ன மைக் ஒன்றை ஒட்டி, இடுப்பில் ஒரு டப்பாவைச் செருகி, கம்பியில்லாமல் அவர்கள் குரலை நாங்கள் வாங்குவோம். ஷாட் முடிந்ததும் மிக்சரில் அந்தக் குரலின் குமிழை உடனே இறக்கிவிட வேண்டும். மைக் உடம்பில் இருப்பதை அவர்கள் மறந்துவிடுவார்கள். கழிப்பறைக்குப் போவார்கள், வீட்டுக்குப் போன் பேசி அழுவார்கள், டைரக்டரைத் திட்டுவார்கள். அதையெல்லாம் கேட்பவன் திருடன் என்பார் பணிக்கர் சார். வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரே ஒரு நாள்தான் நான் அந்தக் குமிழை இறக்காமல் வைத்திருந்தேன்.

ஓய்வு பெறுவதற்கு முன் நான் செய்த கடைசி சீரியல் அது. டேட்டிங் ஆப் மூலம் ஆண்களைச் சந்திக்கும் மீரா என்ற பெண்ணின் கதை. வாரத்துக்கு ஒருவனைப் பார்க்கப் போவாள், ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பிணத்தில் போய் முடியும். கொலை உண்டு, சிரிப்பும் உண்டு. டைரக்டர் சின்ன வயசுக்காரர், நல்ல மரியாதை. என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நடிப்பு பிடித்துப்போனால் மானிட்டருக்குப் பின்னால் தோள் மட்டும் குலுங்கக் குலுங்கச் சிரிப்பார், சத்தமே வராது. ஒலிப்பதிவு கெட்டுவிடக் கூடாது என்ற அக்கறை. அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

மீராவாக நடித்தவள் மிருதுளா. கோயம்புத்தூர்ப் பெண், முதல் பெரிய வேடம். மீராவை விரட்டும் அரைக் கிறுக்குக் காதலனின் வசனங்கள்தான் சீரியலுக்கே உயிர். படப்பிடிப்பில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். 'நீ உறங்கினது வரைக்கும் நான் முழிச்சிருந்தேன்' என்பான். 'மழைக்கு மரம் எல்லாம் அழுகுது, வெட்டப் போகல, உன்கூட பேசிட்டிருக்கேன்' என்பான். உதவி இயக்குநர் பிரபுதான் எழுதினான். இந்தப் பையனுக்கு எங்கிருந்து இப்படி வருகிறது என்று நானே வியந்திருக்கிறேன்.

படப்பிடிப்புக்கு எங்கள் மாவட்டத்துக் கடலோர வட்டக்கோட்டைக்கு வந்தோம்; ஒலிக்காரனுக்கு அது நல்ல இடமில்லை. மூன்று பக்கமும் கடல், ஓயாத காற்று. மைக்குக்குக் காற்றுத் தடுப்பாக ரோமத்தில் ஒரு உறை மாட்டுவோம், யூனிட்டில் அதற்குப் 'பூனை' என்று பெயர். பூனை மாட்டியும் காற்று உறுமிக்கொண்டே இருந்தது. முதல் நாள், அந்தக் காதலனாக நடிக்கும் வில்லன் நடிகர் கோட்டைச் சுவரில் சாய்ந்து மிருதுளாவிடம் பேசுகிற காட்சி. கயிற்றுக்கு அப்பால் சுற்றுலா வந்த கூட்டம் நின்றது.

ஹெட்போனில் நடிகரின் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் கேட்டது. மெதுவாக, முணுமுணுப்பாக. யாரோ வசனத்தைக் கூடவே சொல்கிறார்கள். நடிகர் மறந்தால் எடுத்துக்கொடுக்க ஆள் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த டேக்கில் கவனமாகக் கேட்டேன். நடிகர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்தார். அடுத்த வாக்கியத்தை அவர் தொடங்கும் முன்பே அந்தக் குரல் சொல்லி முடித்துவிட்டது.

அந்த வசனம் அன்று காலையில்தான் தாளில் வந்தது. யூனிட்டுக்கு வெளியே யாருக்கும் தெரிய வழியில்லை.

பூம் என்கிற நீளக் கம்பு மைக்கைப் பிடித்திருந்தவனிடம் அதைக் கூட்டத்தின் பக்கம் திருப்பச் சொன்னேன். கயிற்றின் ஓரத்தில், வெள்ளை வேட்டி சட்டையில், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன் நின்றான். நன்றாகச் சவரம் செய்த முகம், கையில் ஒரு தேன் பாட்டில். உதடு அசைந்துகொண்டிருந்தது. கண் மிருதுளாவை விட்டு நகரவில்லை. சுற்றி நின்றவர்கள் வசனத்துக்குச் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

இடைவேளையில் டைரக்டரிடம் சொன்னேன். "ரசிகர் அண்ணே, நம்ம சீரியலுக்கு இப்பவே ரசிகர்" என்றார். பக்கத்தில் நின்ற பிரபுவுக்கு முகம் வெளுத்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த ஆள் போயிருந்தான். தேன் பாட்டில் மட்டும் கயிற்றடியில் கிடந்தது.

அன்று சாயங்காலம் பிரபு என் அறைக்கு வந்தான். உட்காரவில்லை. போனை என் கையில் கொடுத்தான்.

திரையில் காட்டுவதற்காக உண்மையான ஆப்பிலேயே மீரா என்று ஒரு கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். மிருதுளாவிடம் கேட்காமலே அவள் படத்தைப் போட்டிருக்கிறார்கள். காட்சி எடுத்த பிறகும் அதை மூடவில்லை. ஆண்கள் அனுப்பும் செய்திகள் வசனத்துக்கு உதவும் என்று டைரக்டர் சொல்ல, பிரபு மீராவாகப் பதில் எழுதியிருக்கிறான். வந்தவர்களில் ஒருவன் செல்வராஜ். புதுக்கடைக்கு மேற்கே கொஞ்சம் ரப்பர் மரம், அதை அவனே வெட்டிப் பால் எடுக்கிறவன். அம்மாவும் அவனும் மட்டும். பிறகு அம்மாவும் இறந்து அவன் மட்டும். நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்த ஒவ்வொரு வசனமும் அவன் மீராவுக்கு எழுதியது.

"லொக்கேஷன எதுக்குடே சொன்ன?" என்று கேட்டேன்.

"நான் சொல்லலண்ணே. 'வட்டக்கோட்டை பாத்திருக்கீங்களா, அழகா இருக்குமாமே'ன்னு ஒரு தடவை கேட்டேன். அவ்வளவுதான்."

அன்று வந்திருந்த கடைசிச் செய்தி இது: 'இன்று உன்னைக் கண்டேன். எனக்க வார்த்தைய வேற ஒருத்தன் பறயுதான். எல்லாரும் சிரிக்குதாங்க. நீயும் சிரிச்ச. நாளையும் வருவேன்.'

இரண்டு பேரும் டைரக்டரிடம் போனோம். அவர் அமைதியாகப் படித்தார். "ஆன்லைன்ல பேசுறவன் எல்லாம் கொலை பண்ண மாட்டான் அண்ணே. ரெண்டு பவுன்சர் போட்டுக்கலாம்" என்றார். மிருதுளாவிடம் சொல்ல வேண்டும் என்றேன். "நாளைக்குக் காமெடி சீன். அவங்க பயந்தா டைமிங் போயிடும். சாயங்காலம் நானே சொல்றேன்."

அதே மரியாதை, அதே தணிந்த குரல். அன்றைக்கு முதல் தடவையாக அந்தக் குரல் எனக்குப் பயமாக இருந்தது.

காலையில் நானே காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். பிறகு மிருதுளாவுக்கு மைக் மாட்டப் போனபோது எல்லாவற்றையும் சொன்னேன். பிரபுவின் போனில் இருந்த படத்தையும் காட்டினேன். அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"இது எங்க அக்கா கல்யாணத்துல எடுத்ததுங்கண்ணா" என்றாள். பிறகு, "இதைக் காட்டியா அவரை ஏமாத்தினாங்க?"

"நீ ரூமுக்குப் போயிரு மக்கா. போலீஸ் வந்த பொறவு பாத்துக்கிடலாம்" என்றேன்.

"ரூமுக்கு மட்டும் வரமாட்டாருங்களா? இங்கன்னா நீங்க எல்லாம் இருக்கீங்க." மைக் டப்பாவை வாங்கி அவளே இடுப்பில் செருகிக்கொண்டாள். "அண்ணா, ஷாட் முடிஞ்சா இதை இறக்கிருவீங்கன்னு தெரியும். இன்னைக்கு மட்டும் இறக்காதீங்க."

பவுன்சர்கள் இருவரும் சுவருக்கு ஏறுகிற சரிவுப் பாதையின் அடியில் நின்று, மேலே போகிற ஒவ்வொருவரையும் முறைத்துப் பார்த்தார்கள். முரடன் ஒருவனைத் தேடினார்கள் என்று நினைக்கிறேன். மேலே ஒரு ஷாட் முடிந்தது. அடுத்தது கீழே முற்றத்தில். கேமராவும் ஆட்களும் இறங்கினோம். மிருதுளா முகத்தைத் துடைத்துக்கொண்டு மேக்கப் பெண்ணுடன் பின்னால் வருவதாகச் சொன்னாள். மேக்கப் பெண் எதையோ எடுக்க முன்னால் இறங்கிவந்துவிட்டாள்.

நான் முற்றத்தில் நின்றேன். மிக்சர் பை தோளில், ஹெட்போன் காதில். அவள் மூச்சும், உடையின் உரசலும், காற்றும் கேட்டன.

அப்போது ஒரு ஆண் குரல், மிக அருகில். "மீரா."

அவன் காலையிலேயே, நாங்கள் கயிறு கட்டும் முன்பே, சுற்றுலாக்காரர்களோடு மேலே போய்விட்டிருக்கிறான். எல்லோரும் கீழே தேடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவன் மேலேதான் இருந்தான்.

நான் சரிவை நோக்கி ஓடினேன். ஓடிக்கொண்டே கேட்டேன்.

"நான் மீரா இல்லீங்க. எம்பேரு மிருதுளா. நீங்க செல்வராஜ் அண்ணாங்களா?"

"எனக்க பேரு அறியும். பின்ன எதுக்கு அறியாத்த மாதிரி நிக்குத?"

"காலையிலதான் சொன்னாங்க. என் படத்தை வச்சு வேற யாரோ உங்ககூடப் பேசியிருக்காங்க. நான் பேசலீங்க."

"எனக்க அம்ம செத்த அன்னு ராத்திரி முழுக்க எங்கூட இருந்தது நீயில்லியா?"

"இல்லீங்கண்ணா."

அதன் பிறகு இரைச்சல். கருங்கல் சுவர் மைக்கின் ரேடியோ அலையை மறைத்துவிட்டது. சொர சொரவென்ற சத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. அத்தனை வருட வேலையில் ஒலி இல்லாமல் போனதற்கு நான் அப்படி நடுங்கியதில்லை. பவுன்சர்களைப் பார்த்து மேலே என்று கையைக் காட்டிக்கொண்டே ஏறினேன். மூச்சு முட்டியது. பாதிச் சரிவில் குரல் திரும்பக் கிடைத்தது. கூடவே பிளாஸ்டிக் மூடி திருகும் சத்தம்.

மிருதுளா தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். எனக்காகத்தான் அப்படிப் பேசினாள். "கையில என்னங்க பாட்டில்?"

"ரப்பர் பால் ஒறைய விடுகதுக்கு உள்ள ஆசிட்."

எங்கள் மாவட்டத்தின் மேற்கே ரப்பர் உள்ள வீடுகளில் எல்லாம் அது இருக்கும். தண்ணீரில் கலந்து பாலில் விடுவார்கள். கலக்காமல் மேலே பட்டால் என்ன ஆகும் என்பது அங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

"யாருக்குங்க?"

"அததான் பஸ்ஸில வாற வழி முழுக்க நெனச்சேன். ஒனக்கா, எனக்கான்னு. இன்னும் தெரியல்ல."

நான் மேலே வந்துவிட்டேன். கடல் பக்கத்து மூலையில் இருவரும் நின்றார்கள். அவள் முதுகு சுவரில். அவனுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது, வேட்டி மட்டும் நேற்றுப் போலவே சலவை கலையாமல் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். வர வேண்டாம் என்று விரல்களை மட்டும் அசைத்தாள். எனக்குப் பின்னால் வந்த பவுன்சர்களை நான் கையை விரித்துத் தடுத்தேன். ஒரு பாய்ச்சலில் பிடித்துவிடலாம் என்றான் ஒருவன். பிடித்தால் பாட்டில் எங்கே போகும் என்று கேட்டேன்.

"மூடியை மூடுங்கண்ணா" என்றாள் மிருதுளா. "காத்து கடல்ல இருந்து அடிக்குது. யாரு மேல ஊத்தினாலும் ரெண்டு பேரு மேலயும் தெறிக்கும்."

இதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அவன் காற்று வரும் பக்கம் திரும்பிப் பார்த்தான். தினமும் அந்த ஆசிட்டைக் கையாளுகிறவன். ஒரு தொழிலாளி எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்துவிட்டு, "உள்ளதுதான்" என்றான். மூடியைத் திருகினான்.

"அது யாருன்னு எனக்கும் தெரியணுங்க. என் முகத்தை எடுத்தது யாருன்னு. வாங்க, ரெண்டு பேரும் போய்க் கேக்கலாம்."

அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நடந்து இறங்கினார்கள். பாட்டில் அவன் கையிலேயே இருந்தது. நான் பின்னால் நடந்தேன். அவள் இதயம் அடிப்பது மைக்கில் கேட்டது. அதற்கு முன்பும் பின்பும் ஒரு மனித இதயத்தை நான் அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை.

முற்றத்தில் மொத்த யூனிட்டும் நின்றது. செல்வராஜ் மானிட்டருக்கு முன்னால் போய் நின்றான்.

"இதில மீரா யாரு?"

வில்லன் நடிகர் மேக்கப்போடு ஒரு வேப்ப மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார். டைரக்டர் எழுந்து, "பிரதர், உக்காருங்க. டீ சாப்பிடுங்க. பேசிக்கலாம்" என்றார். குரல் தணிந்துதான் இருந்தது, கை மட்டும் நாற்காலியை விடவில்லை.

"டீ வேண்டாம். மீரா யாரு?"

பிரபு லைட் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்து வந்தான். வர வேண்டாம் என்று டைரக்டர் தலையை ஆட்டியது எனக்குத் தெரிந்தது. பிரபுவும் பார்த்தான். ஆனாலும் வந்தான்.

"நான்தாண்ணே."

செல்வராஜ் அவனை ஏற இறங்கப் பார்த்தான். மீசை சரியாக முளைக்காத, ஒல்லியான பையன்.

"அம்ம செத்த அன்னும் நீதானா?"

"ஆமாண்ணே."

"நான் எழுதினத வாசிச்சு அழுதியா, சிரிச்சியா?"

பிரபு, "ரெண்டும்" என்றான். "ராத்திரி அழுதேன். காலையில இவங்களுக்கு வாசிச்சுக் காட்டும்போது சிரிச்சேன்."

செல்வராஜ் மூடியில் கை வைத்தான். அவ்வளவு பேர் இருந்த முற்றத்தில் கடலைத் தவிர வேறு சத்தமே இல்லை. பிறகு அவன் திரும்பி, பாட்டிலை மிருதுளாவிடம் நீட்டினான்.

"நேரா வச்சுக்கிடணும். சாச்சா ஒழுகும்" என்றான். பக்கத்தில் இருந்த படிக்கல்லில் உட்கார்ந்து முகத்தை வேட்டி நுனியால் மூடிக்கொண்டான். போலீஸ் ஜீப் வந்தபோதும் அப்படியேதான் இருந்தான்.

அவனை ஏற்றிக்கொண்டு போன பிறகு டைரக்டர் என் பக்கத்தில் வந்தார். "எல்லாம் ரெக்கார்ட் ஆச்சா அண்ணே?"

"ஆச்சு."

"ஹார்ட் பீட் கூட வந்துச்சா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நல்ல ஒலி கிடைத்த சந்தோஷம்தான். பதிவான மெமரி கார்டை எடுத்து மிருதுளாவின் கையில் கொடுத்தேன். "இது ஒனக்க குரல் மக்கா" என்றேன். அவள் அதைக் காவல் நிலையத்தில் கொடுத்தாள். தன் படத்தை எடுத்தது பற்றியும் தனியாகப் புகார் எழுதிக் கொடுத்தாள். செல்வராஜ் மேல் வழக்கு நடந்தது. கோர்ட்டில் அவள் கூட்டியும் குறைத்தும் சொல்லவில்லை. மூடியை அவனேதான் மூடினான் என்பதையும் சொன்னாள். பிரபு தொழிலை விட்டு ஊருக்குப் போனான். சீரியல் ஒளிபரப்பானது. வசனங்களை யாரும் மாற்றவில்லை. ஜனங்கள் நன்றாகச் சிரித்தார்கள்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு ஒரு நாள் கோட்டாறு கடைத்தெருவில் வற்றல் மிளகாய் வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து தோளில் ஒரு கை விழுந்தது.

"சாரே, காதில மாட்டிட்டு நின்னது நீங்கதான?"

அதே சலவை வேட்டி. முதலில் அவன் கையைத்தான் பார்த்தேன். பை எதுவும் இல்லை, போன் மட்டும் இருந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். மரம் வெட்டுவதாகவும் மழை சரியில்லை என்றும் சொன்னான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஒரு கொரல கேட்டா பொய்யா, உண்மையான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"சில நேரம் தெரியும்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினான். சிவப்புச் சேலையில் ஒரு பெண். பத்திரிகை அட்டையில் இருந்து எடுத்தது போல அவ்வளவு அழகு. "மெட்ராஸில ஆக்கும். நல்ல பிள்ள. நேரில கண்டதில்ல. ஒரு நாளு இவளுக்க கொரல கேட்டு நீங்க பறயணும்."

"இப்பவே கூப்பிடு மக்கா. இங்க வச்சே கேக்குதேன்" என்றேன்.

"இப்ப பற்றாது சாரே" என்று தலையாட்டி மறுத்துச் சிரித்தான். புதுக்கடை வழி போகும் பஸ் ஹாரன் அடித்தது. அவன் போனைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஓடினான். படியில் ஏறி நின்று, எனக்குக் கேட்க வேண்டும் என்று உரக்கச் சொன்னான்.

"அவளுக்க போனில மைக்கு கேடாக்கும்!"